தொண்ணூற்றொன்பதில் நின்ற கல்யாணம்

தவசிலிங்கத்தின் லேப்டாப் தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை ஒழுங்காகத்தான் போகும். அதற்கப்புறம் என்ன நினைத்துக்கொள்ளுமோ தெரியாது. ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், தயவுசெய்து அணைக்க வேண்டாம்’ என்று திரையில் பவ்யமாக எழுதிக்காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சாம்பார், ரசம் எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, பாயசம் வருகிற நேரத்தில் கோபித்துக்கொண்டு இலையை விட்டு எழுகிற ஆள் எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் உண்டு. அந்த ஆள் மாதிரி.

“பாதியில பட்டன அமுக்கி அணைச்சீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள் முபீனா. அருப்புக்கோட்டை பஜாரில் லேப்டாப் பழுது பார்க்கிற கடை அவளுடையது.

“ஒரு தடவ.”

முபீனா நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி, நாலஞ்சு தடவ” என்றார் தவசிலிங்கம்.

“கீபோர்டுக்குள்ள என்ன, நறநறங்குது?”

“உப்பு. வீட்டுல சுத்திப் போட்டா.”

“சுத்திட்டுத் தண்ணியில போடுவாங்க. உள்ளயா போடுவாங்க?”

தவசிலிங்கம் துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தார். மகள் கல்யாணத்தைத் தலையில் வைத்திருக்கிற மனிதனுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்குமா? அவர் வாடகைப் பாத்திரக் கடைக்காரர். அண்டா, குண்டான், கரண்டி, நாற்காலி, பந்தல் துணி என்று, மாப்பிள்ளை பெண்ணைத் தவிர ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பாயசம் அவர் கடை அண்டாவில்தான் கொதித்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவருடைய மகள் யாழிசைக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபம் திறக்காது, பத்திரிகை போகாது என்கிறது இந்தச் சனியன் பிடித்த லேப்டாப்.

காரணம், முத்திரை. பெரிய காய்ச்சல் என்று எல்லோரும் இப்போதும் சொல்கிற அந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் ஆறு வருடங்களுக்கு முன்னால் ஊரையே படுக்கப் போட்ட பிறகு, வீட்டுக்கு ஒரு முத்திரை என்று வந்துவிட்டது. ஒரு வீட்டின் பத்திரிகை, பத்திரம், மண்டபச் சாவி எல்லாம் அந்த வீட்டு மெஷினில் உள்ள முத்திரையோடுதான் போகும், வரும். முத்திரை இல்லாமல் வருகிற எதையும் எந்த மெஷினும் வாங்காது. ஆடி மாதக் கடைசிக்குள் இந்தப் பெரிய அப்டேட்டைப் போடாவிட்டால் முத்திரையும் செத்துப் போகும்.

“மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட முடியாதா தாயி?”

“போடலாம். முத்திரையும் சேந்து அழிஞ்சுரும். புது முத்திரை வாங்கி, அத நாலு மெஷின் நம்பி ஏத்துக்கிறதுக்குள்ள யாழிசை பிள்ளைக்கு காதுகுத்தே வந்துரும்.”

“வேற லேப்டாப் வாங்கி, இதுல இருக்கிற முத்திரைய அதுக்கு மாத்துனா?”

“மாத்துறதுக்கு மொதல்ல இது அப்டேட் ஆகணும் அண்ணாச்சி.”

முபீனா கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினாள். இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. பழைய காய்ச்சலின் மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள். துளிகூட இல்லை. உப்பைத் தவிர மெஷின் சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு பக்கத்தைத் திறந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அண்ணாச்சி, அந்தக் காய்ச்சல நம்ம ஊருக்குள்ள கொண்டாந்த மெஷின் இதுதானா? பிரபாகர் வெட்ஸ் சுகந்தி?”

தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கதையை அருப்புக்கோட்டையில் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடலாம். ஒரு நாள் காலை தவசிலிங்கத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரபாகர், சுகந்தி, பந்தல்குடி ரோடு தங்கம் மகால், காலை ஆறு மணிக்கு மேல் முகூர்த்தம். அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘உங்கள் உறவினர்’ என்று இருந்தது. வட்டாரத்தில் உள்ள ஒரு மண்டபத்தின் பெயரைத் தானே தேடிப் போட்டுக்கொள்கிற கெட்டிக்கார வைரஸ் அது. வேறு தொழில்காரர் என்றால் யாரிது என்று யோசித்திருப்பார். தவசிலிங்கத்துக்குப் பத்திரிகை என்பது பிழைப்பு. யாரோ பழைய வாடிக்கையாளர், பெயரை நாம்தான் மறந்துவிட்டோம் என்று நினைத்தார். மறந்தது வெளியே தெரிந்தால் மரியாதையாக இருக்காதே! அதனால் திறந்து பார்த்ததோடு நிற்காமல், தெருவில் எல்லோருக்கும் அனுப்பி, “நம்ம சுகந்திதான், தெரியாதா? எல்லாரும் கண்டிப்பா வரணும்னு சொல்லிவிட்டாக” என்று வாயாலும் சொல்லிவைத்தார்.

தெருவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வேன் பிடித்து, விடியற்காலையில் தங்கம் மகாலில் போய் இறங்கியது. மண்டபம் பூட்டியிருந்தது. சாத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவர்களுக்கும் முன்னாலேயே வந்து, பூட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. “பொண்ணு வீடா?” என்று இவர்கள் கேட்க, “நீங்க மாப்பிள்ளை வீடு இல்லையா?” என்று அவர்கள் கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி மெஷினைத் திறந்தால், அவரவர் படம், கணக்கு, பாடம் எல்லாம் பிரபாகர் வெட்ஸ் சுகந்தியாக மாறியிருந்தது. எதைத் திறந்தாலும் அதே பத்திரிகை, அதே பிள்ளையார்.

அந்தச் சாத்தூர்க் குடும்பம்தான் மாரீஸ்வரன் சேவுக் கடைக் குடும்பம். அவருடைய மகன் கவினும் யாழிசையும் அன்றைக்குப் பூட்டிய கேட்டில் சாய்ந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆறு வருடம் கழித்து நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போதுதான் கவனித்தார்கள். நிச்சயதார்த்தத்தன்றுகூட மாரீஸ்வரன் சும்மா இருக்கவில்லை.

“சம்பந்தி பத்திரிகை அனுப்புனா வராம இருக்க முடியுமா? வைரஸே வருதுல்ல!”

கூட்டம் சிரித்தது. தவசிலிங்கமும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஆறு வருடமாகச் சொல்லிவருவதையே அன்றும் சொன்னார்: “எனக்கு அத அனுப்புனவன் மட்டும் எவன்னு தெரியட்டும். நம்ம கடையில இருக்கிற பெரிய அண்டாவுக்குள்ள அவனத் தலகீழா எறக்கி மூடியப் போடல, எம் பேரு தவசிலிங்கம் இல்ல.” அப்போது மாரீஸ்வரனுக்குப் புரையேறியது. காராச்சேவு சாப்பிட்டால் புரையேறுவது சகஜம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

முபீனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“கேளுங்க அண்ணாச்சி. முந்தி அப்டேட் எல்லாம் எங்கயோ இருக்கிற கம்பெனியிலேர்ந்து நேரா வரும். அந்த ஒரு எடத்துல விஷம் கலந்தா எல்லாரும் அவுட். அதனால இப்ப அண்டை மெஷின்கள்ட்டருந்துதான் வருது. துண்டு துண்டா, ஒண்ணு ஒண்ணுக்குக் குடுத்து வாங்கிக்கும். இங்க அரைச்ச இட்லி மாவு பக்கத்து வீட்டுக்குப் போகுதுல்ல, அந்த மாதிரி.”

“சரி.”

“குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த மெஷினுக்கு இதுமேல நம்பிக்கை இருக்கணும். மனுசன் மறந்துருவான், அதுதான் ஆபத்துன்னு மறக்காத மெஷினா செஞ்சுட்டாங்க. யார்ட்டருந்து காய்ச்சல் வந்துச்சோ அந்த மெஷின் பேருல ஒரு வடு வச்சுக்கும். சின்ன அப்டேட்டுக்கு ரெண்டு மூணு பேரு சம்மதிச்சாப் போதும், இத்தன நாளும் அப்படி ஓடிருச்சு. இது பெரிய அப்டேட். அண்டை மொத்தமும் சம்மதிக்கணும். ஒங்க தெருவுல இருக்கிற அம்புட்டு மெஷினும் ஒங்க பேருல வடு வச்சுருக்கு.”

“தெருக்காரங்க எல்லாம் அத எப்பவோ மறந்துட்டாங்களே! நாற்காலி வாங்கிட்டுப் போறாங்க, திருப்பிக் குடுக்காம இருக்காங்க, எல்லாம் பழையபடிதான்.”

“மனுசங்க மறந்துட்டாங்க. மெஷின் மறக்கல. நீங்க அனுப்புன பொங்கல் வாழ்த்து, பொறந்தநாள் வாழ்த்து ஒண்ணையும் அதுக உள்ள விடல. வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருக்கு. ஒங்ககிட்டயும் சொல்லல, அவங்ககிட்டயும் சொல்லல.”

தவசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மன்னிப்புக் கேட்டு ஒண்ணு அனுப்புனேனே. எஸ்தர் டீச்சருக்கு. அதுவுமா?”

முபீனா பார்த்தாள். “அதுவும்தான்.”

எஸ்தர் டீச்சர் எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. அவருடைய மகன் சாமு சின்ன வயதில் பேசியது, பாடியது, கதை சொன்னது என்று பதிவு செய்து வைத்திருந்தது எல்லாம் அந்தக் காய்ச்சலில் சுகந்தி கல்யாணமாகப் போய்விட்டது. மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். தவசிலிங்கம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பிய மன்னிப்புக்குப் பதில் வரவில்லை. அவ்வளவு கோபம் என்று நினைத்து அவர் ஒதுங்கிக்கொண்டார். இத்தனை நஷ்டத்துக்கு ஒரு வார்த்தை கேட்டானா பார் என்று டீச்சரும் ஒதுங்கிக்கொண்டார். ஆறு வருடமாக இருவரும் ஒரே தெருவில் வெவ்வேறு ஓரமாக நடக்கிறார்கள். ஒரு இயந்திரம் வாசலில் நின்று மறித்ததை இருவருமே அறியவில்லை.

“இதுக்கு என்ன செய்யணும்?”

“ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். அந்த வீட்டுக்காரங்க கட்டைவிரல் வச்சு, பரவால்ல, வடுவ எடுத்துருன்னு அவங்க மெஷினுக்குச் சொல்லணும். போன்ல சொன்னாச் செல்லாது. நேர்ல போகணும், வீடு வீடா.”

தவசிலிங்கம் தெருவில் உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. “வீடு வீடாத்தான தாயி? பத்திரிகை வைக்க எப்பிடியும் போகணும்ல!”

மறுநாள் காலை அந்தத் தெரு பார்த்த காட்சியை அதற்கு முன்னால் எந்தத் தெருவும் பார்த்திருக்காது. முன்னால் தவசிலிங்கம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள், கையில் குங்குமச் சிமிழ். தவசிலிங்கத்தின் கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் லேப்டாப். பின்னால் முபீனா, சார்ஜரைத் தூக்கிக்கொண்டு. ஓரத்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் யாழிசை. கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாது என்று பேச்சியம்மாள் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

“என்னப்பா தவசி, இந்தத் தடவ வைரஸ தட்டுல வச்சே கொண்டாந்துட்டியா?” என்று முதல் வீட்டிலேயே வரவேற்பு பலமாக இருந்தது. தவசிலிங்கம் தட்டைக் கீழே வைத்து, “எங்க பொண்ணுக்குக் கல்யாணம், குடும்பத்தோட வரணும். வர்றதுக்கு முன்னாடி ஒங்க மெஷின் என்னைய மன்னிக்கணும்” என்றார். “இந்தத் தடவ மண்டபம் தெறந்திருக்குமா?” என்று கேட்டார்கள். “நீங்க வெரல் வச்சாத்தான் தெறக்கும்” என்றார். வைத்தார்கள். காபி கொடுத்தார்கள். அடுத்த வீட்டிலும் கொடுத்தார்கள். தெருவின் பாதிக்கு வருவதற்குள் பேச்சியம்மாள் இனிமேல் மோர்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் மெஷின் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடி, பரணில் மிக்சி ஜாருக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வீட்டில், விரல் வைப்பதற்கு முன்னால் பாக்கியிருந்த வழக்கு ஒன்றைத் தீர்த்துக்கொண்டார்கள். போன தீபாவளிக்கு வாங்கிய ஜமுக்காளம் கிழிந்திருந்ததாம். தவசிலிங்கம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.

எஸ்தர் டீச்சர் வீட்டு வாசலில் மட்டும் அவருடைய நடை தயங்கியது.

டீச்சர் கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். கதவைப் பாதி திறந்தபடியே பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், அப்பவே நான் எழுதி அனுப்புனேன். ஒங்க மெஷின் வாங்கல. நேத்துத்தான் எனக்கே தெரியும். நேர்ல வந்துருக்கணும். வர பயமா இருந்துச்சு.”

டீச்சர் முபீனாவைப் பார்த்தார். முபீனா தலையாட்டினாள், அந்தக் கடிதத்தைத் திரையில் எடுத்துக் காட்டினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். ஆறு வருடம் தாமதமாக வந்த கடிதத்தில் ஒரு டீச்சர் பிழை பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார், சொல்லவில்லை.

“தப்பு ஒன்னோடது மட்டும் இல்ல தவசி. நானும் தெறந்து பாத்தேன்ல. ஆனா சாமுவோட குரல் போச்சே. அந்தத் தவளைக் கதை சொல்லுவானே, அத ராத்திரி ராத்திரி போட்டுக் கேப்பேன். இப்ப அவன்கிட்டயே கேட்டா, எனக்கு ஞாபகம் இல்லம்மாங்கிறான். எனக்கும் பாதி மறந்துபோச்சு. அத யாரு திருப்பித் தருவா?”

தவசிலிங்கம் சட்டென்று நிமிர்ந்தார். “தவளைக் கதையா? ரசத்துல குளிச்ச தவளையா?”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ன டீச்சர், இப்பிடிக் கேட்டுட்டீக! பள்ளிக்கூடம் விட்டு நீங்க வர்ற வரைக்கும் எங்க கடையிலதான கெடப்பான்? பெரிய அண்டாவுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டு அங்கருந்துதான் கதை சொல்லுவான். உள்ளேருந்து சொன்னாக் கணீர்னு கேக்கும்ல, அதுல அவனுக்கு ஒரு குஷி. தெனமும் அதே கதை. வேற சொல்றான்னா சொல்ல மாட்டான்.”

டீச்சர் கதவை முழுதாகத் திறந்தார். தவசிலிங்கம் உள்ளே போய், சுற்றிலும் பார்த்து, மூலையில் இருந்த அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கினார். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் அப்பா என்கிற நினைப்பெல்லாம் விட்டுவிட்டு, நாலு வயதுக் குரலில் ஆரம்பித்தார்:

“ஒரு ஊயிலே ஒரு தவய இயுந்துச்சாம். அதுக்குக் குளியா இயுந்துச்சாம். கல்யாண வீட்டு யசத்துக்குள்ள எயங்கிக் குளிச்சுச்சாம். குளிச்சுட்டு, என்னா சமையக்காயரே, யசத்துல உப்பு பத்தயேன்னு கேட்டுச்சாம். சமையக்காயரு கயண்டிய எடுத்துக்கிட்டு வந்தாயாம். அதுக்குள்ள அது பாயசத்துக்குப் போயிருச்சாம்!”

கடைசி வரி டிரம்முக்குள் முழங்கியது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார். “ஆமா, பாயசம்! பாயசத்தத்தான் மறந்துட்டேன்!” என்றார். யாழிசை அதற்குள் போனில் பதிவு செய்துவிட்டிருந்தாள். அதை அங்கிருந்தே நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே விரலை வைத்தார்.

“கல்யாணத்துக்கு வர்றேன். ஆனா மொதல்ல ரசத்தப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவேன்” என்றார்.

மதியம் கடைக்குத் திரும்பி, முபீனா அப்டேட்டை ஓடவிட்டாள். தெருவே வந்து கடை வாசலில் நின்றது. கிரிக்கெட் பார்ப்பது மாதிரி சதவீதத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்பது. பேச்சியம்மாள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டார்.

‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்.’

“எவன்டா அவன் இன்னும் வெரல் வைக்காதவன்?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். முபீனா எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். பிறகு தவசிலிங்கத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அண்ணாச்சி, ஒங்கள மறுக்கிற மெஷின் இப்ப ஒண்ணுகூட இல்ல. ஒங்க லேப்டாப்புதான் ஒருத்தர மறுக்குது.”

“யார?”

“இதுக்கும் காய்ச்சல் எங்கேருந்தோ வந்துச்சுல்ல? அந்த மெஷின் மேல இது வடு வச்சிருக்கு. இத்தன நாளும் அது யாரோ ஊர் பேர் தெரியாத மெஷின். நிச்சயதார்த்தம் முடிஞ்சப்ப ரெண்டு வீட்டு முத்திரையையும் சேத்தீங்கல்ல, அன்னைக்குத்தான் அது ஒங்க அண்டைக்குள்ள வந்துருக்கு. அன்னைக்குத்தான் இது அடையாளம் கண்டுருக்கு.”

அவள் திரையைத் திருப்பினாள். மாரீஸ்வரன் சேவுக் கடை, சாத்தூர்.

தவசிலிங்கம் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார். தெருவுக்கு மட்டும்தானே நாம் அனுப்பினோம், சாத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பத்திரிகை எப்படிப் போயிருக்கும் என்று ஆறு வருடத்தில் ஒரு முறைகூடத் தோன்றவில்லையே! தமக்கு முன்னால் வந்து பூட்டைப் பார்த்து நின்ற குடும்பம். முன்னொரு காலத்தில் சேவு பொரிக்கப் பெரிய சட்டி வாடகைக்கு எடுத்தவர், தன் நம்பரை வைத்திருந்தவர். ‘வைரஸே வருதுல்ல’ என்று நிச்சயதார்த்தத்தில் கேலி பேசியவர். புரையேறியது வேறு நினைவுக்கு வந்தது. அவருக்குக் கோபம் காது வரை ஏறியது. ஆறு வருடம் ஊர் முழுக்கச் சிரித்ததெல்லாம் யாருக்குச் சேர வேண்டிய சிரிப்பு?

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, ஒங்களுக்கு, இதுக்கு” என்றாள் முபீனா. “ஒங்க வெரல்தான் அண்ணாச்சி. வைக்கணும்னு கட்டாயம் இல்ல. வைக்காட்டி மண்டபம் தெறக்காது, அவ்வளவுதான்.”

தவசிலிங்கம் வெளியே எட்டிப் பார்த்தார். யாழிசை நடு பஜாரில் நின்று போனில் கவினிடம் அப்பா டிரம்முக்குள் தலையை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்ல முடியாமல் பாதியில் சிரித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கேட்டது என்ன என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ஜமுக்காளக் கிழிசலுக்குக்கூட மன்னிப்புக் கிடைத்திருக்கிறது. அவர் போனை எடுத்தார்.

“சம்பந்தி, ஒங்க கடை லேப்டாப்ப எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் வர முடியுமா?”

எதிர்முனையிலிருந்து “வர்றேன்” என்று மட்டும் வந்தது.

மாரீஸ்வரன் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். ஒரு கையில் லேப்டாப். இன்னொரு கையில் காராச்சேவுப் பொட்டலம், சாதாரணப் பொட்டலம் இல்லை, சம்பந்தமே முறிந்தாலும் சரிக்கட்டிவிடக்கூடிய அளவு பெரிய பொட்டலம். முகத்தில் ரத்தம் இல்லை.

“சம்பந்தி, ஒரு விஷயம் ஒங்ககிட்ட ரொம்ப நாளாச் சொல்லணும்னு… கவினுக்குக்கூடத் தெரியாது… அன்னைக்கு அந்தப் பத்திரிகைய நானும் யாரோ சொந்தம்னு நெனச்சு…”

“சம்பந்தி வீட்டு மெஷின் பக்கத்துல இருந்தா அப்டேட் நல்லா ஏறுமாம். முபீனா சொல்லுச்சு” என்றார் தவசிலிங்கம். “அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க உக்காருங்க.”

இரண்டு லேப்டாப்பையும் அருகருகே வைத்தார்கள். திரையில் ஒரே ஒரு கேள்வி வந்தது. தவசிலிங்கம் மாரீஸ்வரனைப் பார்க்காமல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தொண்ணூற்றொன்பது கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு நூறு ஆனது. வெளியே காத்திருந்த பேச்சியம்மாள் குலவை போட்டார், அதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள்.

மாரீஸ்வரன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மெல்ல, “எனக்கு அத யாரு அனுப்புனாங்கன்னு தெரியுமா சம்பந்தி?” என்றார்.

“தெரிய வேணாம்” என்றார் தவசிலிங்கம். “சேவப் பிரிங்க.”

ஆவணி பிறந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் தெருவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அதே வேன்காரரைப் பிடித்து, அதே பந்தல்குடி ரோடு தங்கம் மகாலில் வந்து இறங்கியது. மண்டபக் கதவு சாத்தியிருந்தது. கூட்டத்தில் யாரோ, “மறுபடியுமா?” என்றார். தவசிலிங்கம் லேப்டாப்பை வாசல் மாடத்தில் வைத்தார். முத்திரை பச்சையாகியது. கதவு இரண்டு பக்கமும் விரிந்து திறந்தது. பாருங்கள், மாங்கல்யம் கட்டும்போதுகூட அன்றைக்கு அவ்வளவு ஆரவாரம் எழவில்லை. எஸ்தர் டீச்சர் யாருக்கும் காத்திராமல் நேராக ரசத்தைப் பார்க்கப் போனார்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஆரம்பித்தபோது, மாரீஸ்வரன் சமையல்கட்டுப் பக்கம் வந்தார். தவசிலிங்கம் அடுப்பருகே நின்று அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மாரீஸ்வரன் அவர் காதருகே குனிந்தார்.

“சம்பந்தி, நீங்க எப்பவும் சொல்லுவீகளே, அந்தப் பெரிய அண்டா. அது எங்க இருக்கு?”

தவசிலிங்கம் அடுப்பைக் காட்டினார்.

“அதுலதான் பாயசம் வச்சிருக்கோம்” என்றார். “ஆளுக்கு எடமில்ல. போய்ப் பந்தியில உக்காருங்க.”